சுற்றாத சக்கரத்தை அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்

போன வருடம் அப்பாவின் பிறந்தநாளுக்கு நானே செய்து கொடுத்த வாழ்த்து அட்டையை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கறுப்பு பிரிஸ்டல் போர்டில், பொன்னிறத் தாளில் வெட்டிய மூன்று பற்சக்கரங்கள். ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்தில் உட்காருமாறு முக்கோணமாக ஒட்டியிருந்தேன். இரண்டு இரவுகள் கண்விழித்துச் செய்தது.

"அழகாக இருக்கிறது" என்றார். பிறகு சுண்டுவிரல் நுனியால் ஒரு பல்லைத் தொட்டு, "ஆனால் இது சுற்றாதே பிள்ளை" என்றார்.

படம்தானே அப்பா, சுற்ற வேண்டியதில்லையே என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அட்டையைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆனால் மாலையில் தேநீர் குடிக்கும்போது மேசைமேல் மூன்று போத்தல் மூடிகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து எனக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். பல்லோடு பல் கோத்த இரண்டு சக்கரங்கள் எப்போதும் எதிரெதிராகத்தான் சுற்றும். இது வலப்பக்கம் போனால் அது இடப்பக்கம். அந்த இரண்டோடும் சேர்ந்தாற்போல் மூன்றாவது ஒன்று கோத்தால் அது எந்தப் பக்கம் போகும்? முதலாவது இடப்பக்கம் தள்ளும், இரண்டாவது வலப்பக்கம் தள்ளும். மூன்றும் இறுகிப்போய் நிற்கும். "மோட்டாரைப் போட்டால் பல் உடையும்" என்றார். உடைந்த பற்களைப் பார்த்தவரின் குரல் அது.

அப்பா தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவர். இலங்கை மலையகத்தில், எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான 1975ஆம் ஆண்டில் இயந்திர அறையில் எண்ணெய் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, கடைசியில் அந்த ஸ்டோரின் எந்த உருளை எந்த நாளில் எப்படி முனகும் என்று தெரிந்தவராக ஓய்வு பெற்றார். அவருக்குப் போய் சுற்றாத சக்கரத்தைப் பரிசளித்தேனே என்ற எண்ணம் எனக்கு வருடம் முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தத் தவறு பெரிய இடங்களிலும் நடந்திருப்பதைப் பிறகு அறிந்தேன். 1990களின் இறுதியில் பிரித்தானியா வெளியிட்ட 2 பவுண்ட் நாணயத்தில் தொழிற்புரட்சியைக் குறிக்க வட்டமாகக் கோத்த 19 பற்சக்கரங்கள் இருக்கின்றன. 19 ஒற்றைப்படை எண். ஆகவே அந்த வட்டம் ஒருபோதும் சுற்ற முடியாது. அப்பாவின் மூன்று மூடிகள் சொன்னதும் அதே கணக்குதான்.

நான் செய்ய முயன்றது ஸ்டீம்பங்க் பாணி அட்டை. பெயர் புதிது போலத் தோன்றினாலும், கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1987இல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலேயே அந்தச் சொல் பிறந்துவிட்டது. மின்சாரமும் கணினியும் உலகை ஆளாமல் நீராவியே தொடர்ந்து ஆண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை அது. பித்தளைக் குழாய்கள், அழுத்தமானிகள், தோல் பட்டைகள், தையல் தெரியும் பழுப்புக் காகிதம், உயரத் தொப்பி, ஆகாயக் கப்பல். கைவினை செய்பவர்கள் பழைய கடிகாரங்களின் உட்சக்கரங்களைப் பொறுக்கி அட்டைகளில் ஒட்டுகிறார்கள். முதலில் பார்த்தபோதே எனக்கு அந்த நிறங்கள் பிடித்துவிட்டன. ஏன் பிடித்தது என்று யோசித்தபோதுதான் புரிந்தது: அவை நான் சிறுமியாக அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன ஸ்டோரின் நிறங்கள்.

அந்தப் பாணி கனவு காண்பது விக்டோரியா மகாராணியின் காலத்தை. அதே காலத்தில் எங்கள் மலைகளில் என்ன நடந்தது என்பது எங்களுக்குக் கதையல்ல. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் தென்பட்டது. அதன்பின் கோப்பி அழிந்து தேயிலை மலையெங்கும் பரவியது. 1885இல் தண்டவாளம் நுவரெலியாவுக்கு அருகிலுள்ள நானுஓயாவை எட்டியது. இந்த ஆண்டுகள் அனைத்திலும் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தும், பிறகு ரயிலேறியும் வந்தவர்களில் எங்கள் முன்னோரும் உண்டு. பித்தளையும் நீராவியும் எங்களை விட்டுத் தூரத்தில் இருந்த அழகுப் பொருள்கள் அல்ல. எங்கள் ஆட்கள் விறகு போட்டார்கள், எங்கள் ஆட்கள் எண்ணெய் விட்டார்கள், எங்கள் பெண்கள் பறித்த கொழுந்துதான் அந்த இயந்திரங்களின் வாய்க்குள் போனது. அப்படியிருக்க ஸ்டீம்பங்க் படங்களில் உயரத் தொப்பிக்காரர் மட்டும் ஏன் நிற்கிறார்? இந்த வருடம் அப்பாவுக்கு எழுபது. அட்டையில் சக்கரம் உண்மையாகச் சுற்ற வேண்டும், சக்கரத்தைச் சுற்றவைத்த கைகளும் அதில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

முதலில் காகிதம். பழமை ஏறிய காகிதம் இந்தப் பாணிக்கு உயிர். கடையில் அச்சடித்த பழுப்புத் தாள் கிடைக்கும். ஆனால் தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு காகிதத்துக்கு நிறம் ஏற்றக் கடைக்குப் போவதா? எங்கள் வீட்டில் தேநீரையே சாயம் என்றுதான் சொல்வோம். டஸ்ட் தேயிலை நான்கு மேசைக்கரண்டி, இரண்டு கோப்பைத் தண்ணீர், பத்து நிமிடக் கொதிப்பு. வடித்து ஆறவைத்து, தட்டையான தட்டில் ஊற்றி, தடித்த வரைதாளை ஐந்து நிமிடம் கிடத்தினேன். எடுத்து, ஈரமாக இருக்கும்போதே சில இடங்களில் ஊறிய தேயிலைத் துகளைத் தூவிவிட்டேன். துகள் கிடந்த இடங்களில் நிறம் கூடுதலாக இறங்கிப் புள்ளி புள்ளியாக நிற்கும். காய்ந்தபின் தட்டிவிட வேண்டும்.

காய்வதுதான் நான் இருக்கும் மலை ஊரான ஹட்டனில் பெரிய சோதனை. தென்மேற்குப் பருவமழைக் காலம். துணியே மூன்று நாளாகும், காகிதம் என்ன செய்யும்? சுருண்டுகொண்டது. ஓரங்கள் அலை அலையாக எழும்பின. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டு, அரை ஈரத்தில் இறக்கி, பழைய பருத்தித் துணிக்கு இடையில் வைத்து மெதுவாக இஸ்திரி போட்டேன். முழுக்கக் காய்ந்தபின் தேய்த்தால் சுருக்கம் போகாது. அரை ஈரம்தான் சரியான பதம். இதை முதல் நான்கு தாள்கள் வீணானபின் கற்றேன்.

நிழலுக்கும் கரிப்படிவுக்கும் கறுப்பு மை வேண்டும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சவர்க்காரத்தில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, ஒரு கண்ணாடிப் போத்தலில் வினாகிரியில் ஊறவைத்தேன். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு உண்டாகும். இரண்டு நாளில் வினாகிரி இரும்பைக் கரைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு வெறும் வெள்ளைத் தாளில் தடவினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தேயிலைச் சாயம் ஏறிய தாளில் தடவினாலோ கண்ணெதிரே சாம்பலாகி, நீலம் கலந்த கறுப்பாகிறது. தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேரும்போது நடப்பது இது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சாசனங்களை எழுதிய மையும் இதே இரும்பு, இதே வகைத் துவர்ப்பு. அந்த மைக்கு அவர்கள் ஓக் மரத்தின் கழலைகளைத் தேடினார்கள். எனக்குத் தேயிலை போதும். ஒரு எச்சரிக்கை: இதை மிகையாகப் பூசினால் அமிலம் நாளடைவில் காகிதத்தையே அரித்துவிடும். தண்ணீர் கலந்து, ஓரங்களில் மட்டும் பூசுவது நல்லது.

அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. கொழுந்தின் கறை ஏறிய விரல் நுனிகள். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போகாது. என் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு வரும்போது கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வார். நான் தாளில் வேண்டுமென்றே ஏற்றும் நிறத்தை அவர் முப்பது வருடம் மறைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். அன்றைக்கு நான் அதற்குமேல் வேலை செய்யவில்லை.

துருவுக்குக் கறுவாத்தூள். இது கைவினைக்காரர்கள் பலருக்கும் தெரிந்த வித்தை. வெள்ளைப் பசையைத் திட்டுத்திட்டாகத் தடவி, அதன்மேல் கறுவாத்தூளைத் தூவி, காய்ந்தபின் உதறி, சில இடங்களில் செம்மஞ்சள் வண்ணத்தைக் காய்ந்த தூரிகையால் தட்டினால் அசல் துருப்பிடித்த தகரம் போலவே இருக்கும். வாசம் வேறு சும்மா கிடைக்கிறது.

பித்தளைக்கு நான் கண்ட வழியில் எனக்கு மிகுந்த திருப்தி. பிஸ்கட் பெட்டி அட்டையில் உருவங்களை வெட்டி, மேலே அலுமினியத் தாளைப் பசையிட்டுப் போர்த்தி, பருத்திப் பஞ்சால் அழுத்தி விளிம்புகளை எழுப்ப வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே, மை தீர்ந்த பேனாவின் முனையால் தாளின் உட்புறமிருந்து புள்ளி குத்தினால் ஆணித்தலை கிடைக்கும். அதன்மேல் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கும். கடைசியாக மரத்துக்கு அடிக்கும் தேன் நிற வார்னிஷ் ஒரு பூச்சு. வெள்ளி நிறத்தின்மேல் தேன் நிறம் ஏறும்போது பித்தளை பிறக்கிறது. ஸ்டோரில் உருட்டு மேசையின் மேற்பரப்பில் பிறை பிறையாகப் பித்தளைக் கட்டைகள் இருக்கும். கொழுந்து அவற்றில் உரசித்தான் முறுகி உடையும். ஏன் பித்தளை என்று சிறுவயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "இரும்பாக இருந்தால் சாறு பட்டுக் கறுக்கும்" என்றார். வினாகிரிப் போத்தலின் முன் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பதிலின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது.

இனி, சக்கரம்.

கவராயமும் பாகைமானியும் வைத்துப் பற்களை வரைந்து, கத்தியால் வெட்டினேன். ஒரு பல் அகலம், ஒரு பல் ஒல்லி. மூன்று பல் ஓடி நான்காவது பல்லில் சிக்கியது. மறுபடி வெட்டினேன், மறுபடி சிக்கியது. அச்சில் எடுத்து வெட்டியும் சரிவரவில்லை. என் கை அவ்வளவுதான் ஓடும். அப்போது சமையலறையில் கிடந்த பொருள் பெட்டியின் கிழிந்த ஓரம் கண்ணில் பட்டது. நெளி அட்டையின் ஒரு பக்கத் தாளை நனைத்து உரித்தால் உள்ளே அலை அலையாக நெளிவு இருக்கிறது. எல்லா அலையும் ஒரே அளவு, ஏனென்றால் அதை ஓர் இயந்திரமே வார்த்திருக்கிறது. அந்த நாடாவை அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி வட்டத் தட்டின் விளிம்பைச் சுற்றி ஒட்டினால் அதுவே பற்சக்கரம். சின்னச் சக்கரத்துக்குச் சரியாக 10 அலை, பெரிய சக்கரத்துக்குச் சரியாக 30 அலை. நாடாவின் நீளத்தை முதலில் எண்ணி வெட்டிக்கொண்டு, அதற்கு ஏற்ப வட்டத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்துக் குறைத்தேன். அலையை இழுத்தோ அமுக்கியோ பொருத்தினால் கணக்கு கெட்டுவிடும். வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து இரண்டு முறை பூசியதும் பற்கள் விறைப்பாகிவிட்டன.

10க்கு 30 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சின்னச் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் பெரியது மூன்றில் ஒரு பங்கு நகரும். பெரிய சக்கரத்தின் முகத்தில் சம இடைவெளியில் மூன்று படங்கள். மேலே மூடும் தாளில் விசிறி வடிவ ஜன்னல் ஒன்று. கைப்பிடியை ஒருமுறை சுற்ற ஒரு படம் போய் அடுத்தது வரும். மூன்று சுற்றில் முதலாவது திரும்பி வரும்.

கைப்பிடி, பழைய மின்வயரை உரித்தெடுத்த தடித்த செப்புக் கம்பி. வளைத்தால் இயந்திரக் கைப்பிடியின் உருவம் தானாகவே வந்துவிடுகிறது. பெரிய சக்கரத்தின் அச்சுக்கு, கோப்புகளில் கடதாசிகளைச் சேர்க்கும், இரண்டு கால்கள் விரியும் பித்தளை ஊசி. எல்லாவற்றையும் பூட்டிச் சுற்றினேன். கரகரவென்று இறுகி நின்றது. பல் எண்ணிக்கை சரி, வட்டம் சரி. பின் ஏன்?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்முறைக்காக என்று சொல்லி அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பொய்தான். பரிசு தெரிந்துவிடக் கூடாதே.

"பல்லை அடிவரைக்கும் அழுத்திக் கோத்திருப்பாய்" என்றார் உடனே. "பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மூச்சுவிட இடம் வேண்டும். ஒரு கடதாசித் துண்டை இரண்டுக்கும் நடுவில் வைத்துக் கோத்துவிட்டு, பிறகு கடதாசியை உருவிவிடு. அந்த இடைவெளி போதும்."

அப்படியே செய்தேன். அச்சுத் துளையைச் சற்று நீள்துளையாக்கி, நடுவில் தாள் துண்டை வைத்து, இடத்தை உறுதிசெய்து, உருவினேன். பற்களில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தேன். கைப்பிடியைத் தொட்டதும் சக்கரம் நழுவிச் சுற்றியது. மேசையில் தனியாக உட்கார்ந்து எத்தனை தடவை சுற்றினேன் என்று எனக்கே தெரியாது.

படங்களைப் பற்றி முன்பே முடிவு செய்திருந்தேன். முதலாவது, உலர்த்தும் இயந்திரம். சிரொக்கோ என்று அப்பா சொல்லும் அந்தப் பெயர் பெல்ஃபாஸ்ட் நகரத்துத் தொழிற்சாலையினுடையது. அசாமில் தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த சாமுவேல் டேவிட்சன் 1881இல் அதை நிறுவினார். சகாரா பாலைவனத்திலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயரையே தன் இயந்திரத்துக்குச் சூட்டினார். பெல்ஃபாஸ்ட் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அப்பாவின் வாயிலிருந்துதான். இரும்பில் வார்த்த அந்த எழுத்துகளைத் தடவித்தான் அவர் ஆங்கில அரிச்சுவடி கற்றார். இரண்டாவது படம் ரோதைமுனி. சக்கரத்தை எங்கள் பேச்சில் ரோதை என்போம். ஸ்டோரின் ரோதைகளைக் காக்கும் முனிக்கு எங்கள் தோட்டத்தில் வாசலருகே ஒரு கல் இருந்தது. கற்பூரம் ஏற்றாமல் அப்பா பெரிய பழுதுக்குக் கை வைத்ததில்லை. கல், சூலம், அதன் பின்னால் பெரிய சக்கரம் என்று வரைந்தேன். உலகத்தின் எந்த ஸ்டீம்பங்க் அட்டையிலும் இந்தத் தெய்வத்தை நான் கண்டதில்லை. மூன்றாவது, முதுகில் கூடையோடு குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் உருவம். முகம் வரையவில்லை. விரல்களின் நுனிகளுக்கு மட்டும் இரும்பு மையைத் தொட்டு வைத்தேன்.

சுற்றிலும் குழாய்கள், ஆணித்தலைகள், ஓர் அழுத்தமானி. அழுத்தமானியின் முள்ளை 70இல் நிறுத்தினேன். வாழ்த்து வாசகத்துக்குப் பெரிதாக எதுவும் யோசிக்கவில்லை. "அப்பாவுக்கு எழுபது" என்று மட்டும் எழுதினேன்.

அட்டை ஒரு மெல்லிய பெட்டி போல ஆகிவிட்டதால் உறைக்குள் போகாது, தபாலிலும் போகாது. வணிக முறையில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை ஹென்றி கோல் 1843இல் லண்டனில் வெளியிட்டதே, எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல்தான். ஒரே அட்டைக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்ட நான் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்து பஸ்ஸில் ஏறினேன். நடுவில் ரயில் கடவையில் பஸ் நின்றது. பதுளைப் பக்கம் போகும் ரயிலை விட்டபின்தான் வழி திறந்தது. இந்தப் பாதையின் நிலையங்களில் சாரதிக்குக் கொடுக்கும் வட்டமான உலோகத் தகடு ஞாபகம் வந்தது. அந்தத் தகட்டை வைத்திருக்கும் ரயிலுக்கு மட்டுமே அடுத்த நிலையம் வரை பாதை உரிமை. எட்வர்ட் டயர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870களில் வகுத்த முறை அது. ஒரு நிலையத்தில் தகட்டை எடுத்தால் இரண்டு நிலையங்களிலும் தகடு வைக்கும் பெட்டிகள் பூட்டிக்கொள்ளும், இன்னொரு தகட்டை எவராலும் எடுக்க முடியாது. அடுத்த வருட அட்டைக்கு அதை யோசித்து வைத்திருக்கிறேன்.

அப்பா துணியைப் பிரித்தார். கண்ணாடியைப் போட்டார். படங்களைப் பார்க்கவில்லை, முதலில் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். அட்டையைக் காதருகே கொண்டுபோய் இன்னொரு சுற்று சுற்றினார்.

"மெழுகு போட்டிருக்கிறாய்" என்றார்.

"ஆமாம் அப்பா."

"பிள்ளைகளுக்குச் செய்முறை என்றாயே."

நான் பேசவில்லை. ரோதைமுனி வந்தபோது கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். அடுத்த சுற்றில் கூடைப்பெண் வந்ததும் நிறுத்திவிட்டு அடுப்படியைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து குனிந்து பார்த்தார். அந்த விரல்களை அவர் கவனித்தது எனக்குத் தெரிந்தது. தன் பெருவிரலால் அந்தக் கறுப்பு நுனிகளை ஒருமுறை தடவினார்.

"கயிறு தப்பு" என்றார் பிறகு.

"எந்தக் கயிறு?"

"கூடைக் கயிறு. நெற்றியில் போட்டிருக்கிறாய். நெற்றியில் போட்டால் கழுத்து ஒரு நாளைக்குத் தாங்காது. உச்சிக்கு வர வேண்டும், கீழே தலைத்துணி மடிப்பு இருக்க வேண்டும்."

அப்பா பேசாமல் அட்டையை என்னிடம் நீட்டினார். நான் பையில் பென்சிலைத் தேடினேன். அம்மா கொடியில் கிடந்த துவாயை எடுத்து நான்காக மடித்து உச்சந்தலையில் வைத்து, ஒரு கயிற்றை அதன்மேல் போட்டு, இரண்டு முனைகளையும் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு சற்றே முன்னால் சாய்ந்து நின்றார்.

"அப்படியே நில்லுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு அழிக்கத் தொடங்கினேன்.